'போஸ்ட்போன்' தெரிகிறது, 'புட் ஓஃப்' தடுக்குகிறது: வன்னியிலிருந்து ஆங்கிலத்தின் சோடி வினைகளைப் பார்த்தல்

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ உயர்தரம் படிக்கிற ஒரு பிள்ளையிடம் 'போஸ்ட்போன்' என்றால் என்னவென்று கேளுங்கள். ஒத்திவைத்தல் என்று உடனே சொல்லும். 'டொலரேட்', 'டிஸ்கவர்', 'இன்வெஸ்டிகேட்' எல்லாவற்றுக்கும் பதில் வரும். வைகாசி விசாகத்துக்கு வற்றாப்பளைப் பொங்கல் பார்க்க லண்டனிலிருந்து வந்த மச்சாள் 'தே புட் இட் ஓஃப்' என்று சாதாரணமாகச் சொன்னால் அதே பிள்ளை தடுமாறும். 'புட்' தெரியும், 'ஓஃப்' தெரியும். இரண்டும் சேர்ந்தால் என்னவென்று பிடிபடாது. மச்சாள் சொன்னதும் அதே ஒத்திவைத்தல்தான்.

பெரிய சொல் கடினம், சின்னச் சொல் சுகம் என்ற நினைப்போடுதான் எங்கள் பக்கத்தில் ஆங்கிலம் படிக்கத் தொடங்குகிறோம். 'கோ', 'கம்', 'கெட்', 'டேக்', 'புட்' எல்லாம் ஆரம்பப் பள்ளியிலேயே முடிந்துபோன பாடம் என்று எண்ணி, அவற்றைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. உண்மையில் ஆங்கிலம் பேசும் ஒரு வீட்டில் காலையிலிருந்து இரவு வரை நடக்கிற பேச்சின் பெரும்பகுதி இந்தச் சின்னச் சொற்களின் சோடிகளால்தான் ஓடுகிறது. அதைப் படிக்காமல் எவ்வளவு பெரிய சொற்களைச் சேர்த்தாலும் பேச்சு காதில் ஏறாது. அதே நேரத்தில், தமிழ் பேசுகிறவர்களுக்கு இந்தச் சோடிகள் அவ்வளவு அந்நியமானவையும் அல்ல. இதே மாதிரியான வேலையைத் தமிழ் நெடுநாளாகச் செய்துவருகிறது. அதை யாரும் பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்டுவதில்லை என்பதுதான் என் மனக்குறை.

முதலில் விசயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு சாதாரண வினைச்சொல், அதன் பின்னால் 'அப்', 'ஓஃப்', 'அவுட்', 'டவுன்', 'ஒன்', 'அவே', 'பேக்' போன்ற ஒரு குட்டிச் சொல். இரண்டும் சேரும்போது தனித்தனியாக இல்லாத ஒரு பொருள் பிறக்கிறது. 'கிவ்' என்றால் கொடு, 'அப்' என்றால் மேலே. 'கிவ் அப்' என்றால் கைவிடு. ரியூசன் வகுப்புகளில் இதை 'ஃபிரேசல் வேர்ப்' என்பார்கள். இந்தக் கட்டுரையில் சுருக்கமாகச் சோடி வினை என்றே சொல்கிறேன். சில இடங்களில் மூன்று சொல்லும் வரும். 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள், 'ரன் அவுட் ஒவ்' என்றால் கையில் இருந்தது தீர்ந்துபோதல்.

ஆங்கிலத்துக்கு ஏன் இப்படி ஒரு பழக்கம்? பழைய ஆங்கிலத்தில் திசை காட்டும் சொல் பெரும்பாலும் வினைக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வந்தது. 'ஓவர்கம்', 'அண்டர்ஸ்டாண்ட்' போன்ற சொற்களில் அந்தப் பழைய ஒழுங்கை இன்றும் காணலாம். காலப்போக்கில் குட்டிச் சொல் வினைக்குப் பின்னால் நகர்ந்தது. 1066இல் நோர்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின் அரசவை, நீதிமன்றம், கல்வி எல்லாவற்றிலும் பிரெஞ்சும் இலத்தீனும் புகுந்தன. வீட்டிலும் வயலிலும் பழைய ஆங்கில வினைகளே நின்றன. அதனால்தான் இன்றும் ஒரே பொருளுக்கு இரண்டு தட்டுச் சொற்கள். கடிதத்துக்கு 'போஸ்ட்போன்', குசினிக்கு 'புட் ஓஃப்'. கடிதத்துக்கு 'டொலரேட்', வீட்டுக்கு 'புட் அப் வித்'. நாங்கள் பள்ளிக்கூடத்தில் மேல் தட்டை மட்டும் மனப்பாடம் செய்கிறோம்.

வெளிநாட்டவர் இதில் தடுமாறுவது புதிதல்ல. 1755இல் வெளியான தன் ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜோன்சன், பிறமொழிக்காரருக்கு மிகப் பெரிய தொல்லை தருவது வினையின் பின்னால் ஒரு குட்டிச் சொல்லை ஒட்டிப் பொருளை மாற்றும் இந்தப் பழக்கம்தான் என்று எழுதினார். அவர் காட்டிய உதாரணங்களில் பயணம் புறப்படுதலைக் குறிக்கும் 'செட் அவுட்'டும் ஒன்று. அது இன்றும் அப்படியே புழங்குகிறது.

இனித் தமிழுக்கு வருகிறேன்.

ஒத்திவைத்தல் என்பது பத்திரிகைத் தமிழ். வீட்டில் என்ன சொல்கிறோம்? 'கலியாணத்தைத் தள்ளிப்போட்டினம்.' தள்ளி, போடு. 'புட்' என்றாலும் போடு. 'ஓஃப்' என்பது அப்பால், விலகி. இரண்டு மொழியும் ஒரே காட்சியைத்தான் பார்த்திருக்கின்றன: நாளை எடுத்து அப்பால் போடுகிறது. அம்மம்மாவைப் பார்த்துக்கொள் என்கிறோம். அங்கே 'லுக் ஆஃப்டர்'. 'லுக்' என்றாலும் பார்தான். வெறும் பார் என்றால் கண்ணால் பார்ப்பது. பார்த்துக்கொள் என்றால் சோறு கொடுத்து, மருந்து கொடுத்து, இரவில் எழுந்து கவனிப்பது. கொள் என்ற சின்ன வினை செய்கிற வேலையை அங்கே 'ஆஃப்டர்' செய்கிறது.

கொடு என்ற வினையை எடுத்தால் ஒற்றுமை இன்னும் வியப்பாக இருக்கும். விட்டுக்கொடு என்றால் பிடிவாதத்தை விட்டு இறங்கிவருதல். ஆங்கிலத்தில் 'கிவ் இன்'. காட்டிக்கொடு என்றால் மறைந்திருந்தவரை மற்றவர் கையில் அகப்பட வைத்தல். ஆங்கிலத்தில் 'கிவ் அவே'. இரண்டு மொழியிலும் கொடு. இரண்டு மொழியிலும் கையால் எதையும் கொடுக்கவில்லை. கண்டுபிடி என்பதில் காண்பதும் பிடிப்பதும் இருக்கின்றன, 'ஃபைண்ட் அவுட்' அதற்கு அருகில் நிற்கிறது. பள்ளிக்கூட வாசலில் பிள்ளையை இறக்கிவிடு என்பது 'ட்ரொப் ஓஃப்', பின்னேரம் ஏற்றிக்கொண்டு வா என்பது 'பிக் அப்'. சேர்ந்து வாழ முடிகிறதா, ஒத்துப்போகிறார்களா என்று புது மருமகளைப் பற்றிக் கேட்பதற்கு 'கெட் அலோங்'.

பிள்ளைகளிடம் ஒருதரம் இந்தப் பட்டியலைத் தமிழில் எழுதிக் காட்டி, தள்ளுவது எங்கே, போடுவது எங்கே என்று கேட்டுப் பாருங்கள். கலியாணத்தை யாரும் கையால் தள்ளவில்லை என்று அவர்களே சொல்வார்கள். தாங்கள் பிறந்ததிலிருந்து இப்படித்தான் பேசுகிறோம் என்பது தெரிந்தவுடன் 'புட் ஓஃப்' மீதிருந்த பயம் பாதி போய்விடும்.

இதற்கு ஆய்வாளர் பக்கத்திலிருந்தும் ஒரு சாட்சி உண்டு. 1985இல் டகுட், லாஃபர் என்ற இருவர் இஸ்ரேலில் ஆங்கிலம் படித்த ஹீப்ரு மொழி மாணவர்களை ஆராய்ந்தார்கள். சோடி வினை வரவேண்டிய இடத்தில் அந்த மாணவர்கள் அதைத் தவிர்த்து ஒற்றைச் சொல்லையே தேடினார்கள். ஹீப்ருவில் இப்படியான அமைப்பு இல்லாததே காரணம் என்பது அவர்களின் கருத்து. பிறகு 1993இல் லாஃபரும் எலியாசனும் சுவீடன் மாணவர்களைப் பார்த்தபோது அந்தத் தவிர்ப்பு இல்லை. சுவீடிஷ் மொழியில் ஆங்கிலத்தைப் போன்ற சோடிகள் உண்டு. சொந்த மொழியில் சாடையாகவாவது ஒரு தடம் இருந்தால் காரியம் இலகு என்றே இதை நான் விளங்கிக்கொள்கிறேன். எங்களுக்கு அந்தத் தடம் இருக்கிறது.

ஆனால் ஒரு வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. தள்ளிப்போடு, விட்டுக்கொடு போன்றவற்றில் இரண்டு பாதியும் வினை. ஆங்கிலத்தில் இரண்டாம் பாதி திசை காட்டும் சொல். தமிழில் திசை காட்டும் சொல்லோடு கூடிய வினை இல்லையா என்றால், அதுவும் உண்டு: முன்வை, பின்வாங்கு, மேற்கொள், உட்கொள். முன்வை என்பதைப் பாருங்கள். முன், வை. ஆங்கிலத்தில் 'புட் ஃபோர்வர்ட்'. சொல்லுக்குச் சொல் அதேதான், வரிசை மட்டும் தலைகீழ். பின்வாங்கு 'புல் பேக்', மேற்கொள் 'டேக் ஒன்', உட்கொள் 'டேக் இன்'. தமிழில் இவை எல்லாம் செய்தியிலும் அறிக்கையிலும் வருகிற சொற்கள். 'நான் சோறு உட்கொண்டேன்' என்று எந்த வீட்டிலும் பேசுவதில்லை. ஆங்கிலத்தில் இதே அமைப்பு அடுப்படிப் பேச்சு. எங்கள் பிள்ளைகளின் காதுக்கு அமைப்பு தெரியாததல்ல, அது நிற்கிற இடம்தான் மாறியிருக்கிறது. இதை ஓர் ஆங்கில ஆசிரியர் சொல்லிக் கொடுத்தால் ஒரு தவணைப் பாடத்துக்குச் சமம் என்று நான் நம்புகிறேன்.

அடுத்தது வரிசைப் பிரச்சினை. 'டேர்ன் ஓஃப் த மோட்டர்' என்றும் சொல்லலாம், 'டேர்ன் த மோட்டர் ஓஃப்' என்றும் சொல்லலாம். இரண்டும் சரி. மோட்டர் என்ற பெயரை விட்டு அதை என்று சொல்ல வந்தால் ஒரே வழிதான்: 'டேர்ன் இட் ஓஃப்'. 'டேர்ன் ஓஃப் இட்' என்று ஆங்கிலம் பேசுகிறவர் யாரும் சொல்ல மாட்டார். 'பிக் இட் அப்', 'புட் தெம் ஓஃப்', 'கோல் மீ பேக்' எல்லாம் அப்படியே. இட், ஹிம், ஹேர், தெம் போன்றவை நடுவில்தான் உட்காரும். செயப்படுபொருள் நீண்டதாக இருந்தால், உதாரணமாகக் கிணற்றடியில் பூவரசுக்குக் கீழே இருக்கிற பழைய மோட்டர் என்றால், சோடியைப் பிரிக்காமல் பின்னால் வைப்பதே நல்லது. பிரித்தால் 'ஓஃப்' வந்து சேர்வதற்குள் கேட்பவர் களைத்துவிடுவார்.

எல்லாச் சோடியும் பிரியாது. 'ஆஃப்டர்', 'இன்ட்டு', 'அக்ரொஸ்', 'ஃபோர்' வருகிறவை பெரும்பாலும் இறுக்கமாக நிற்கும். 'லுக் ஆஃப்டர் ஹேர்' மட்டுமே சரி. மூன்று சொல் உள்ளவையும் பெரும்பாலும் பிரியாது. 'புட் அப் வித் இட்' என்றே வரும். சோடியின் நடுவைத் திறப்பது தமிழுக்கும் தெரிந்த காரியம்தான். 'தள்ளித்தான் போட்டினம்', 'விட்டுத்தான் கொடுக்கவேணும்' என்று பேசும்போது 'தான்' எங்கே நுழைகிறது? சரியாக நடுவில். தமிழ் அந்த இடத்தில் அழுத்தத்தை வைக்கிறது, ஆங்கிலம் செயப்படுபொருளை வைக்கிறது.

இனிக் குட்டிச் சொற்கள். பலர் இவற்றுக்குப் பொருளே இல்லை, எல்லாம் மனப்பாடம்தான் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். அது அநியாயம். 'ஓஃப்' என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று பார்ப்போம்.

'ஓஃப்' என்றால் ஒட்டியிருந்தது விலகுதல். சட்டையைக் கழற்றுவது 'டேக் ஓஃப்'. விமானம் ஓடுபாதையை விட்டு எழும்புவதும் 'டேக் ஓஃப்'. பஸ்ஸிலிருந்து இறங்குவது 'கெட் ஓஃப்'. வெளிநாடு போகிற அண்ணனை கட்டுநாயக்கா வரை போய் வழியனுப்புவது 'சீ ஓஃப்'. கூட்டத்தை அடியோடு கைவிடுவது 'கோல் ஓஃப்'. தள்ளிப்போடுவதும் அடியோடு கைவிடுவதும் வேறு வேறு என்பதைக் கவனிக்க வேண்டும். பரீட்சை 'புட் ஓஃப்' என்றால் பிறகு நடக்கும். 'கோல் ஓஃப்' என்றால் நடக்காது.

இந்த மண்ணுக்கு அதிகம் பழக்கமான ஓஃப் ஒன்று உண்டு. 'கட் ஓஃப்', துண்டிக்கப்படுதல். 2002இல் போர்நிறுத்தத்தோடு திறந்த ஏ9 வீதி 2006 ஆகஸ்டில் முகமாலையில் சண்டை தொடங்கியபோது மூடப்பட்டது. அந்தக் காலத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதவோ சொல்லவோ வந்தால் இரண்டு சோடி வினைகள் இல்லாமல் முடியாது: சண்டை 'ப்ரோக் அவுட்', வீதி 'கட் ஓஃப்'. தீ, சண்டை, நோய் எதுவாக இருந்தாலும் திடீரென்று மூண்டால் 'ப்ரேக் அவுட்' என்றுதான் வரும். பிறகு ஊருக்குத் திரும்பியதைச் சொல்ல அறிக்கைகள் 'ரீசெட்டில்' என்று எழுதும். அதே அனுபவத்தைத் தன் வாயால் சொல்கிறவர் 'வீ மூவ்ட் பேக்' என்று சொன்னால் போதும். என் கண்ணுக்கு இரண்டாவதில் ஆள் தெரிகிறார்.

'கோ ஓஃப்' என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். 'த லைற் வென்ட் ஓஃப்' என்றால் லைற் நூர்ந்துபோனது. 'த மைன் வென்ட் ஓஃப்' என்றால் மிதிவெடி வெடித்தது. ஒன்றில் அடங்குகிறது, மற்றதில் கிளம்புகிறது. அலாரம் அடிப்பதும் 'கோ ஓஃப்', பால் பழுதாவதும் 'கோ ஓஃப்'. முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றும் வேலையில் எங்கள் பெண்கள் எத்தனையோ பேர் வெயிலில் முழங்காலில் நின்று வேலை செய்திருக்கிறார்கள். அந்த வேலையைச் செய்யும் ஹலோ டிரஸ்ட், மாக் போன்ற நிறுவனங்கள் பிரித்தானியாவில் தொடங்கப்பட்டவை. ஆங்கிலம் புழங்கும் அப்படியான ஒரு வேலையில் 'கோ ஓஃப்'பை அணைந்துபோதல் என்று மட்டும் படித்து வைத்திருப்பது ஆபத்து. ஒரு சோடிக்கு ஒரு பொருள் என்று கொப்பியில் கோடு போட்டு எழுதும் பழக்கத்தை விடச் சொல்வது இதனால்தான்.

'அப்' வேறு மாதிரி. மேலே என்ற பொருள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் முழுவதும் முடித்தல். 'ஈட் அப்' என்றால் கோப்பையில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடி. 'யூஸ் அப்' என்றால் உள்ளதெல்லாம் பாவித்து முடி. தமிழில் முடி, தீர், விடு போன்ற துணைவினைகள் செய்கிற அதே வேலை. 'டவுன்' குறைதல், நின்றுபோதல், உடைந்துபோதல் பக்கம் சாயும். 'அவுட்' வெளியே வருதல், அதனால் தெரியவருதல், அதனால் தீர்ந்துபோதலும்கூட. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்து கியூஆர் அட்டையோடு நின்ற நாட்களை வைத்தே 'ரன் அவுட்'டைப் படிப்பிக்கலாம். டீசல் தீர்ந்தது என்றால் 'த டீசல் ரான் அவுட்'. பெற்றோல் செட்டில் டீசல் தீர்ந்தது என்று செட்டை எழுவாயாக்கினால் 'த ஷெட் ரான் அவுட் ஒவ் டீசல்'. தீர்ந்த பொருள் எழுவாயானால் இரண்டு சொல், அதை வைத்திருந்தவர் எழுவாயானால் மூன்று சொல்.

நாங்கள் வழக்கமாக வழுக்குகிற இடங்கள் சில உண்டு. அவற்றில் முக்கியமானது, சோடி வினைகள் பெயர்ச்சொல்லாக எங்கள் பேச்சுக்குள் ஏற்கனவே வந்துவிட்டது. பஸ் பிரேக்டவுன், லான்ட்மாஸ்டர் பிரேக்டவுன் என்கிறோம். ஆஸ்பத்திரியில் செக்கப். பொருள் ஏற்ற பிக்கப். தொண்டு நிறுவனக் கூட்டங்களில் ஃபொலோஅப், ஹேண்ட்ஓவர். சண்டைக் காலத்தில் சுற்றிவளைப்புக்கு ரவுண்டப் என்ற சொல் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. இவை தமிழில் பெயராக நின்று, பண்ணு, செய், ஆகு என்பவற்றைத் துணைக்கு எடுக்கின்றன. அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்தில் பேசப்போனால் 'த பஸ் இஸ் பிரேக்டவுன்' என்று வாயில் வருகிறது. ஆங்கிலத்தில் அது வினை, காலம் காட்ட வேண்டும்: 'த பஸ் ப்ரோக் டவுன்'. ஒலியும் மாறும். பெயராக வரும்போது அழுத்தம் முதல் பாதியில், 'பிரேக்'கில். வினையாக வரும்போது அழுத்தம் 'டவுன்'னில்.

லைற்றை நூத்துவிட்டு வா என்று சொல்வதற்குப் பதிலாக லைற்றை ஓஃப் பண்ணு என்கிறோம் இல்லையா, அதுவும் இதே கதை. தமிழுக்குள் 'ஓஃப்' வினை மாதிரி ஆகிவிட்டது. அதனால் ஆங்கிலத்திலும் 'ஓஃப் த லைற்' என்று சொல்லிவிடுகிறோம். இலங்கைக்குள் யாருக்கும் விளங்கும். வெளியே 'டேர்ன்' இல்லாமல் அது நொண்டும்.

தொலைபேசி இன்னொரு இடம். எங்கள் ஊரில் கோல் எடுத்தேன் என்றால் நான் அழைத்தேன் என்று பொருள். அதை அப்படியே 'ஐ டுக் அ கோல்' என்று சொன்னால், எனக்கு வந்த அழைப்பை நான் எடுத்துப் பேசினேன் என்று கனடாவில் இருக்கிற மாமாவின் பிள்ளைகள் விளங்கிக்கொள்வார்கள். அழைப்பது 'கோல்' அல்லது 'ரிங் அப்'. வந்த அழைப்பை எடுப்பது 'பிக் அப்'. பேசி முடித்து வைப்பது 'ஹாங் அப்'. சிக்னல் போய் நடுவில் அறுந்தால் 'வீ கொட் கட் ஓஃப்'. பிறகு திரும்ப எடுப்பது 'கோல் பேக்'. ஒரு சாதாரண வட்ஸ்அப் பேச்சைச் சுற்றியே இத்தனை சோடிகள்.

நிரப்பு என்ற ஒரு வினை தமிழில் டாங்கிக்கும் போதும், படிவத்துக்கும் போதும். ஆங்கிலத்தில் டாங்கிக்கு 'ஃபில் அப்', படிவத்துக்கு 'ஃபில் இன்' அல்லது 'ஃபில் அவுட்'. படிவத்துக்கு 'ஃபில் அப்' என்பது தெற்காசியா எங்கும் கேட்கிற வழக்கு. அதைப் பிழை என்று தலையில் குட்டத் தேவையில்லை. வெளியே போனால் மற்றது கேட்கும் என்று தெரிந்திருந்தால் போதும். 'பாஸ் அவுட்' மட்டும் கொஞ்சம் கவனம். கம்பசை முடித்து வெளியேறியதை இங்கே 'பாஸ்ட் அவுட்' என்கிறோம். பிரித்தானியாவில் அன்றாடப் பேச்சில் அது மயங்கி விழுந்ததைக் குறிக்கும். நேர்முகத் தேர்வில் 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2019' என்பதைவிட 'ஐ கிராஜுவேட்டட்' பாதுகாப்பு. வாகனத்தில் ஏறுவதும் அப்படித்தான். பஸ், ரெயின் என்றால் 'கெட் ஒன்', 'கெட் ஓஃப்'. ஓட்டோ, கார் என்றால் 'கெட் இன்', 'கெட் அவுட்'. எழுந்து நடமாடக்கூடிய வண்டிக்கு முதலாவது, குனிந்து உட்காருகிற வண்டிக்கு இரண்டாவது என்று வைத்துக்கொள்ளலாம்.

காதுக்கு ஏன் பிடிபடுவதில்லை என்பதற்குக் காரணம் ஒலி. தமிழில் எந்த அசையை அழுத்தினாலும் சொல்லின் பொருள் மாறுவதில்லை. அதனால் அழுத்தத்தைத் தேடிக் கேட்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை. ஆங்கிலத்தில் சோடி வினையின் பாரம் பெரும்பாலும் குட்டிச் சொல்லில் விழும். அதோடு சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 'பிக் இட் அப்' என்று மூன்று சொல்லாகப் படித்த பிள்ளைக்கு வேகமான பேச்சில் கேட்பது 'பிக்கிட்டப்' என்ற ஒரே சொல். உடம்படுமெய், குற்றியலுகரப் புணர்ச்சி எல்லாம் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒலி ஒட்டுவதை விளங்கப்படுத்துவது ஒன்றும் கடினமில்லை. ஆங்கில வகுப்பில் அதை யாராவது சத்தமாகச் சொல்லி, சொல்லவும் வைக்க வேண்டும். அமைதியாக இருந்து கொப்பியில் எழுதும் வகுப்பில் இது நடக்காது.

சரி, எத்தனை சோடிகளைப் படிக்கிறது? அகராதிகளில் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன, பார்த்தால் மலைப்பு வரும். கார்ட்னர், டேவிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 10 கோடிச் சொற்கள் கொண்ட பிரித்தானிய ஆங்கிலத் தொகுப்பை ஆராய்ந்து 2007இல் எழுதியது ஆறுதல் தரும். 20 வினைகளும் 8 குட்டிச் சொற்களும் சேர்ந்து உண்டாகிற சோடிகளே, அந்தத் தொகுப்பில் வந்த சோடி வினைகளில் பாதிக்கு மேலானவை. 'கோ', 'கம்', 'டேக்', 'கெட்', 'செட்', 'டேர்ன்', 'லுக்', 'புட்', 'பிக்' எல்லாம் அந்த 20இல் உண்டு. அடிக்கடி வருவதில் முதலிடம் 'கோ ஒன்', அதன் பின்னால் 'கரி அவுட்', 'செட் அப்', 'பிக் அப்'. பாரம் சொற்களின் எண்ணிக்கையில் இல்லை, பொருள்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. அவர்கள் பார்த்த முதல் 100 சோடிகளுக்கு மட்டும் 559 பொருள்கள். பிறகு 2015இல் கார்னியர், ஷ்மிட் என்ற இருவர் 150 சோடிகளை எடுத்து, உண்மையில் அடிக்கடி புழங்கும் பொருள்களை மட்டும் சலித்தபோது 288தான் மிஞ்சின. சோடிக்கு ஏறக்குறைய இரண்டு. இது ஒரு பிள்ளையால் இரண்டு வருடத்தில் தாராளமாகச் செய்யக்கூடிய வேலை.

எப்படிப் படிக்கிறது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. 'கெட் அப், கெட் ஒன், கெட் ஓஃப், கெட் அலோங், கெட் பை' என்று வினைவாரியாகப் பட்டியல் போட்டுப் படிப்பது வீண். எல்லாம் ஒரே முகமாக இருப்பதால் ஒன்று மற்றதைக் குழப்பும். ஒரு நாளை எடுத்துக்கொண்டு வசனமாகப் படித்தால் நிற்கும். விடிய எழும்புவது 'கெட் அப்', சீருடை போடுவது 'புட் ஒன்', வீட்டால் வெளிக்கிடுவது 'செட் ஓஃப்', பரந்தனில் பஸ் ஏறுவது 'கெட் ஒன்', சிநேகிதி வந்து சேராமல் இருந்தால் 'ஷீ டிட்ன்ட் டேர்ன் அப்', வீட்டுவேலையைக் கொடுப்பது 'ஹேண்ட் இன்', மழை வந்து விளையாட்டுப் போட்டியைத் தள்ளிவைத்தால் 'புட் ஓஃப்', பின்னேரம் வீட்டுக்குத் திரும்புவது 'கெட் பேக்', இரவில் மோட்டரை நிப்பாட்டுவது 'டேர்ன் ஓஃப்'. அப்புறம் அதே வசனங்களில் பெயரை எடுத்துவிட்டு 'இட்', 'தெம்' போட்டுச் சொல்ல வைக்க வேண்டும். அங்கேதான் வரிசை நாக்கில் படியும்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் இருக்கின்றன. 2021இல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாகியது. இந்த இடங்களில் விரிவுரை ஆங்கிலத்தில். தமிழில் உயர்தரம் எழுதிவிட்டு அங்கே போகிற பிள்ளைக்கு முதலில் தொல்லை தருவது பாடத்தின் கலைச்சொல் அல்ல. கலைச்சொல்லுக்கு அகராதி இருக்கிறது, புத்தகத்தில் விளக்கமும் இருக்கிறது. விரிவுரையாளர் இடையிடையே சாதாரணமாகச் சொல்கிற 'ப்ரிங் அப்', 'பொயின்ட் அவுட்', 'லீவ் அவுட்', 'கோ ஓவர்', 'வேர்க் அவுட்' போன்றவைதான் கைவிடும். 'லீவ் அவுட் த தேர்ட் டேர்ம்' என்றால் மூன்றாவது உறுப்பை விட்டுவிடு. அது காதில் விழாவிட்டால் கணக்கே வேறாகும்.

எழுத்துக்கு வந்தால் மறுபடி மேல் தட்டுக்குப் போக வேண்டும். ஐஈஎல்டிஎஸ் பரீட்சையின் பேச்சுப் பகுதியில் சோடி வினைகள் இயல்பாக வந்தால் அது பலம். அதே பரீட்சையின் கட்டுரைப் பகுதியில் 'ஃபைண்ட் அவுட்' என்பதைவிட 'டிஸ்கவர்' பொருந்தும், 'புட் அப் வித்' என்பதைவிட 'டொலரேட்' பொருந்தும். பிரதேச செயலகத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினாலும் அப்படித்தான். சிலவற்றுக்கு மட்டும் இந்த வேறுபாடு இல்லை. 'கரி அவுட்', 'செட் அப்', 'பொயின்ட் அவுட்' மூன்றும் ஆய்வுக் கட்டுரையிலும் அறிக்கையிலும் தாராளமாக வரும். ஒரு சங்கம் அமைத்ததை எழுத 'செட் அப்', ஒரு கணக்கெடுப்பு நடத்தியதை எழுத 'கரி அவுட்' என்று தயங்காமல் எழுதலாம்.